கேலரிப் பக்கம் போன பந்துகள்

எங்கள் தோட்டத்துக் கிரவுண்டில் பந்தைத் தரையில் வைத்துவிட்டுக் காலை எடுக்க முடியாது. எடுத்தால் அது தானாகவே உருண்டு, மழைத்தண்ணீர் ஓடும் கானைத் தாண்டி, தேயிலைக்குள் போய்விடும். நமுனுகுல மலைச் சரிவை வெட்டிப் போட்ட கிரவுண்ட் அது. ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். யார் அடித்த பந்து பள்ளத்தில் விழுகிறதோ அவரே இறங்கிப் போய் எடுத்துவர வேண்டும் என்பது எங்கள் சட்டம். மழைக்காலமென்றால் அட்டைக்கடி வேறு. அதனால் எதிரே நிற்கிறவளுக்குப் பந்து கொடுப்பதென்றாலும் கொஞ்சம் மேட்டுப் பக்கம் தள்ளித்தான் அடிப்போம். பந்து வளைந்து இறங்கி அவள் காலடிக்கு வந்து சேரும். கால்பந்து என்றாலே இப்படித்தான் என்று பதினெட்டு வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பசறையில் நான் படித்த பள்ளிக்கூடத்து மைதானமும் இதற்குத் தங்கச்சிதான். பதுளையில் மட்டும் ஒரு போட்டி ஆடினேன். அன்று கொட்டுகொட்டென்று மழை. சேற்றில் யார் அடித்த பந்தும் நேராகப் போகவில்லை, ஆகவே என் குறை வெளியே தெரியவில்லை. நான் ஓடிய ஓட்டம் மட்டும் தெரிந்திருக்கிறது. கொழும்பிலிருந்த ஒரு பெண்கள் கிளப், ஐந்து நாள் பயிற்சிக்கு வந்து ஆடிக் காட்டச் சொன்னது. தேறினால் மாதச் சம்பளம், தங்குமிடம், பந்து விளையாடுவதே வேலை. அப்படியொரு வேலை உலகத்தில் இருப்பதே எனக்கு அதிசயமாக இருந்தது.

முதல் நாள் காலை அந்த மைதானத்துக்குப் போனேன். அவ்வளவு பெரிய சமதரையை நான் அதுவரை பார்த்ததில்லை. கண்ணுக்கெட்டியவரை ஒரே பச்சை, ஒரே மட்டம். ஒரு பந்தை எடுத்துப் புல்லில் வைத்தேன். மெதுவாகக் காலை எடுத்தேன். பந்து நின்றது. இன்னோரிடத்தில் வைத்தேன். அங்கேயும் நின்றது. பைத்தியக்காரி மாதிரி நாலைந்து இடத்தில் வைத்துப் பார்த்தேன். மற்றப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். எனக்கு அப்போது அழுகைதான் வந்தது.

கோச்சம்மா சிங்களத்தில் பேசுவார். நடுக்களத்துக்கு இரண்டு பேர் வந்திருக்கிறீர்கள், இடம் ஒன்றுதான் என்று முதல் நாளே போட்டு உடைத்துவிட்டார். மற்றவள் வடக்கே ஒரு கடற்கரை ஊர்க்காரி, என் வயதுதான். அவளுக்குச் சிங்களம் தெரியாது, எனக்குப் பசறைக் கடைகளில் பழகிய சிங்களம் உண்டு. கோச்சம்மா சொல்வதை அவளுக்குத் தமிழில் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. இரண்டு பேருக்கும் ஒரே அறை. என் எதிரிக்கு நானே துபாஷி!

அவள் ஆடுவதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், பிரமிப்பாகவும் இருந்தது. பந்தை வாங்கும்போது அவள் குனிந்துகூடப் பார்க்க மாட்டாள். அது வரும் என்று காலுக்கே தெரியும் போல. அவள் கொடுக்கும் பந்து, நூல் பிடித்த மாதிரி புல்லோடு புல்லாகப் போய் ஆளின் காலடியில் நிற்கும். பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கும்போது சில நேரம் அவள் எனக்குப் போட்டி என்பதையே மறந்து கை தட்டிவிடுவேன். பிறகு கையை மடியில் இறுக்கிக்கொள்வேன்.

என் பந்துகளோ ஒன்றும் உருப்படவில்லை. ஆளுக்குக் கொடுத்தால் ஆளைவிட்டு இரண்டு முழம் தள்ளிப் போகும். கோச்சம்மா என் வலது பாதத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பூட்ஸை மாற்றிப் பார்த்தார். ஒன்றும் சரிவரவில்லை. இரண்டாம் நாள் சாயந்தரம் அம்மா ஃபோனில் சொன்னாள்: "ஒன் பேர தோட்டத்துல பதியச் சொல்லி கங்காணி கேட்டாரு. வெள்ளிக்கிழம வரைக்கும் பொறுங்கன்னு சொல்லியிருக்கேன். நீ நல்லா வெளையாடு. முடியாட்டி வந்துரு, ஒண்ணும் குடி முழுகிப்போகாது." பேர் பதிந்தால் அடுத்த நாளே காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும், பிறகு கொழுந்து பறிக்க மலைக்கு. அம்மா கை கொழுந்துக்குப் பறக்கும், என் கைக்கு அது வராது. எனக்கு வந்ததெல்லாம் காலில்தான்.

அந்தப் பயத்தில்தான் மூன்றாம் நாள் அதைச் செய்தேன். கோச்சம்மா அவளிடம், நன்றாக ஆடுகிறாய், ஆனால் பந்து பறிபோனதும் முன்னாலேயே நிற்காதே, உடனே பின்னால் ஓடிவந்து நடுவைக் காத்துக்கொள் என்றார். நான் அவள் பக்கம் திரும்பி, "நல்லா வெளையாடுறீங்களாம்," என்றேன். அவ்வளவுதான். மிச்சத்தை விழுங்கிவிட்டேன். அவள் தலையாட்டினாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

நான்காம் நாள் அவள் என்னமோ பின்னால் ஓடி ஓடி வந்து காத்தாள். தற்செயல் என்று நினைத்துக்கொண்டேன். ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உம்மட ஊர்க் கிரவுண்ட் சரிவோ?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நக்கல் பண்ணுகிறாள் என்று நினைத்தேன். "ஆமா, மலையில வேற எப்பிடி இருக்கும்? அதுக்கென்ன இப்ப?"

"உம்மட கால்ல பிழையில்லை. முதல் பாதியில பந்தெல்லாம் வலப்பக்கம் போச்சு. பக்கம் மாறின பிறகு இடப்பக்கம் போச்சு. கால் பிழையெண்டா ஒரே பக்கம்தானே போகோணும்? நீர் எல்லாத்தையும் கேலரிப் பக்கம் அடிக்கிறீர்."

நான் திரும்பிப் பார்த்தேன். மைதானத்தின் ஒரு பக்கம் முழுக்கப் படிப்படியாக உயர்ந்து போகும் கேலரி. மறுபக்கம் வெட்டவெளி. எங்கள் மேடும் பள்ளமும் அப்படியே! நாலு நாளாக என் கால் அந்தக் கேலரியை மலை என்று எண்ணிக்கொண்டு, இல்லாத சரிவுக்குக் கணக்குப் பார்த்து அடித்துக்கொண்டிருக்கிறது. கோச்சம்மாவுக்குப் பிடிபடாதது, எனக்கே தெரியாதது, இவளுக்குத் தெரிந்திருக்கிறது. என்னை எவ்வளவு கவனமாகப் பார்த்திருந்தால் அது தெரிந்திருக்கும்?

"நாளைக்குக் கேலரியைப் பாக்காதையும். ஆளை மட்டும் பாத்து அடியும்," என்றாள்.

சொல்வது சுலபம். ஐந்தாம் நாள் கடைசி ஆட்டத்தில் முதல் மூன்று பந்தும் பழையபடியே கேலரிப் பக்கம் போயின. நாலாவதை, கண்ணை எங்கேயும் ஓடவிடாமல், ஓடுகிறவளின் காலையே பார்த்து அடித்தேன். நேராகப் போனது. வளையாமல், இறங்காமல், போன வழியிலேயே போய்ச் சேர்ந்தது. அதை அடித்தது நான்தானா என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. அதன்பிறகு பத்துக்கு ஏழு பந்தாவது போய்ச் சேர்ந்தது. கடைசிக் கால்மணி நேரத்தில் எல்லாரும் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினார்கள், அவளும் கூட. நான் மட்டும் ஓடிக்கொண்டிருந்தேன். எங்கள் கிரவுண்டில் பந்து பொறுக்கியவர்களுக்குச் சமதரையில் ஓடுவதெல்லாம் ஒரு வேலையா!

கோச்சம்மா என் பெயரைச் சொன்னார். கால் பிழையைத் திருத்திக்கொண்டதற்கு என்னைப் பாராட்டினார். அதை நான் அவளுக்குத் தமிழில் சொல்லவில்லை. அவளாகவே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவள் கண் கலங்கியிருந்தது, மறைக்கவும் இல்லை.

பஸ் ஏற்றிவிடக் கூடவே போனேன். அவள் பையை நான் தூக்கிக்கொண்டேன். பஸ் நிற்கும் ஹோல்ட்டில் நின்றபோது இனியும் முடியாது என்று சொல்லிவிட்டேன்: "அன்னிக்கு கோச்சம்மா சொன்னதுல பாதிய நான் ஒங்ககிட்ட சொல்லல."

"தெரியும்," என்றாள். "அவ கையால காட்டிக் காட்டித்தானே சொன்னவ. பின்னுக்கு வா எண்டு விளங்கினது."

"தெரிஞ்சும் எனக்கு ஏன் சொன்னீங்க?"

"நல்ல அடியெல்லாம் வீணாப் போகுது. பாத்துக்கொண்டு நிக்க ஏலாமக் கிடந்தது."

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பந்தைப் பற்றி மட்டும்தான் பேசினாள். மன்னிப்புக் கேட்டேன், அழுதுகொண்டே கேட்டேன். பஸ் வந்தது. என் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, "சரி, போய் விளையாடும்," என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.