கிளாஸ் விளிம்பில் செருகும் மாங்காய்

முதலமடை மாந்தோப்புக்குள் இருக்கும் ரிசார்ட்டில் எனக்குக் காய் நறுக்கும் வேலை. அங்கே பார் திறந்த பிறகு, குடிக்கிற கிளாஸ்களுக்கு அலங்காரம் நறுக்குவதும் என் தலையில் விழுந்தது. எலுமிச்சையை வட்டமாக அரிய வேண்டும். ஆரஞ்சுத் தோலைச் சுருளாகச் சீவ வேண்டும். புதினாவில் நுனியை மட்டும் கிள்ள வேண்டும். யாரும் அதைத் தின்பதில்லை. போட்டோ எடுத்துவிட்டு ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். நறுக்குவதும் நான்தான், குப்பையில் கொட்டுவதும் நான்தான். தோல் போன ஆரஞ்சைப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கும்.

பாத்திரம் கழுவுகிறவள் ஒரு சுருளை எடுத்து என் கொண்டையருகே பிடித்தாள். "ஏனக்கா, பூவாட்டவே இருக்குது. வெச்சுட்டுப் பஸ் ஏறுனா ஊரே திரும்பிப் பாக்கும்."

பார் மாஸ்டர் கோயமுத்தூர்க்காரர், என் மகன் வயது. இதற்கென்றே இரண்டு வருஷம் படித்தாராம். எலுமிச்சை நறுக்க இரண்டு வருஷம்!

ஒரு கல்யாண விருந்துக்கு முந்தின நாளே எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்றார். மாங்காயையும் விசிறி போலக் கீறி வைக்கச் சொன்னார். கீறின மாங்காயை எங்கள் பக்கம் உப்புத் தண்ணீரில் போடுவோம், கறுக்காது. போட்டேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தண்ணீரைக் கொட்டினார்.

"ஏனுங் அம்மாயி, ஊறுகாயா போடறீங்க? உப்பெல்லாம் ஆகாதுங்."

கிளாஸ் விளிம்பெல்லாம் உப்பைத் தடவி விற்கிற மனிதர் பேசுகிற பேச்சு இது. எனக்கு எதிர்த்துப் பேச வாய் வராது. ஈரத்துணி மூடி ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

காலையில் துணியை எடுத்தால் அத்தனையும் துருப்பிடித்த தகடு. படித்த படிப்பு அவ்வளவுதான். குற்றம் மட்டும் என் கைக்கு வந்தது.

"மத்தியானத்துக்குள்ள புதுசா கீறிருங்க. இதும் கறுத்துதுன்னா நாளைக்கு நீங்க வரவேண்டாமுங்."

வேலை போனால் திருப்பூரில் மகன் வீட்டில் போய் உட்கார வேண்டும். அவன் கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறான். அங்கே ஒரு வாய் காப்பிக்கும் மருமகள் முகத்தைப் பார்க்க வேண்டும். என் வீட்டில் என் பாட்டுக்கு இருக்கத்தான் இந்த வயதில் வேலைக்கு வருகிறேன்.

புதிதாகக் கீறினேன். இந்த முறை அவரைக் கேட்காமல் உப்புத் தண்ணீரில் போட்டு எடுத்தேன். தட்டில் அடுக்கும்போது, பழக்கத்தில், கை மிளகாய்த்தூளையும் தூவிவிட்டது. எங்கள் ஊரில் மாங்காயை வெறுமனே யார் தட்டில் வைப்பார்கள்? தட்டுகள் பாருக்குப் போன பிறகுதான் விரலில் சிவப்பைப் பார்த்தேன். சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் கிளாஸ்கள் கழுவ வந்தன. எல்லாம் மொட்டை. ஒரு கீற்று மாங்காய் மிச்சமில்லை. பின்னாலேயே பார் மாஸ்டர் வந்தார்.

"அம்மாயி, அதுல என்ன போட்டீங்க?"

"மொளகாத்தூளுங்... தெரியாம..."

"அழகுக்கு வெச்சத அத்தன பேரும் தின்னு தீத்துட்டாங்க. சரக்க உட்டுட்டு மாங்கா கேக்கறாங்க. இன்னும் கீறுங்க, வெரசா!"

கீறினேன். அது தன்னுடைய புது ஐட்டம் என்று அவர் விருந்தாளிகளிடம் சொல்வதும் கதவு வழியாகக் கேட்டது. மிளகாய்த்தூளைக் கண்டுபிடித்த மகான்!

கிளம்பும்போது வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "நாளைக்கு நேரமே வந்துருங்க" என்றார். "சரிங்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மகன் போன் செய்தான். எப்போதம்மா வருகிறாய் என்று அதே கேள்வி.

"எங்கடா சாமி வரது? இங்க நானில்லாம ஒரு வேலையும் ஆகாது" என்றேன், வெட்கமே இல்லாமல்.