கொட்டகையில் இல்லாத தேன்

முதலில் மரத்தூள்தான் விழுந்தது. தோட்டத்துக் கொட்டகையில் மண்வெட்டியை எடுக்கப் போனால் அதன்மேல் பொடிப்பொடியாகத் தூள். தட்டிவிட்டு வேலைக்குப் போவேன். மறுநாள் மறுபடியும் அதே அளவு கிடக்கும். நிமிர்ந்து பார்த்தேன். கூரையைத் தாங்கும் கட்டையில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டைகள், ஒன்றில் ஒரு கருவண்டின் பின்பக்கம். கரிக்கறுப்பு உடம்பு, முதுகில் மட்டும் மஞ்சள் ரோமம்.

கொட்டகைக்கும் நான் தங்கும் கேபினுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். விடிந்ததும் விடியாததுமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் கறுக் கறுக் என்று அரம் போடுகிற சத்தம் தொடங்கிவிடும். தண்ணீர்க் குழாயை எடுக்க உள்ளே போனால் ஒரு வண்டு நேரே நெற்றிக்கு முன்னால் வந்து நின்று, ‘யார் நீ, இங்கே என்ன வேலை’ என்பதுபோல் ரீங்கரிக்கும். இத்தனைக்கும் ஒருமுறைகூடக் கொட்டியதில்லை. ஆனாலும் எரிச்சல் தாங்கவில்லை. அல் அய்ன் வெயிலில் பேரீச்சைக்குத் தண்ணீர் விடுகிறவனுக்கு வண்டிடம் அனுமதி வாங்கப் பொறுமை எங்கே இருக்கும்? மருந்து அடித்து ஒழித்துவிடுவோம் என்று ஒரு டப்பா வாங்கி வைத்த வெள்ளிக்கிழமை பார்த்து அர்பாப் வந்து சேர்ந்தார்.

அர்பாப் என்றால் முதலாளி. எட்டு வருடமாக இந்தத் தோட்டத்தில் எனக்குச் சம்பளமும் விசாவும் லீவும் அவர் கையில்தான். வயதானவர், அதட்டிப் பேசாதவர். கட்டையைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக, அரபியும் இந்தியும் கலந்து கேட்டார்.

“இது தேன் கொடுக்குமா?”

“ஐவா, அர்பாப்” என்றேன்.

ஐவா என்றால் ஆமாம். தேன் கொடுக்குமா கொடுக்காதா என்று எனக்கு என்ன தெரியும்? ஆனால் கல்ஃபுக்கு வந்த முதல் வாரமே ரூமில் இருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள்: “அர்பாப் எதைக் கேட்டாலும் ஐவான்னுடு மாப்ள. மாஃபின்னு மட்டும் வாயில வரக் கூடாது.” மாஃபி என்றால் இல்லை. எட்டு வருடத்தில் அது என் வாயில் வந்ததே இல்லை.

“அப்போ மருந்து எதுவும் அடிக்காதே. தேன் எடுத்துக் கொடுத்துட்டு லீவுக்குப் போ” என்றார்.

மூன்று வருடமாக ஊருக்குப் போகவில்லை. ஆறு மாதக் குழந்தையாக விட்டுவந்த மகளை ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்கிறோம். முதல் நாள் நான்தான் கூட்டிப் போவேன் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நடுவில் இந்தச் சனியன் பிடித்த வண்டு. மனைவியிடம் சொல்லிப் புலம்பினால், “ஓஹோ, இனிமே வண்டு கையெழுத்துப் போட்டாத்தான் உங்களுக்கு லீவாக்கும்” என்கிறாள்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஓட்டை விழுந்த ஒரு பலகைத் துண்டைப் பிளந்தேன். உள்ளே வரிசையாக மகரந்த உருண்டைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு வெள்ளைப் புழு. தேனாவது மண்ணாவது. வேறு வழியில்லாமல் கடைத்தெருவில் ஒரு பாட்டில் தேன் வாங்கி, ஜாம் பாட்டிலில் ஊற்றி, நம்பும்படி இருக்கட்டும் என்று ஒரு சிட்டிகை மரத்தூளும் தூவினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அர்பாப் கொட்டகையிலேயே நின்று விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். “மாஷா அல்லா. இதுங்க உன்கிட்டதான் பழகியிருக்கு. நீ போயிட்டா அடுத்த தேனை யார் எடுப்பா? லீவை அடுத்த வருஷம் வச்சுக்கலாமா?”

என் வாய் தன்னால் ‘ஐ’ என்று திறந்துவிட்டது. அந்த நாக்கை அங்கேயே பிடுங்கி எறிந்திருப்பேன்.

“மாஃபி” என்றேன். “தேன் மாஃபி, அர்பாப். இந்த வண்டு தேனே வைக்காது. அது கடையில வாங்கினது. எனக்கு ஊருக்குப் போகணும்.”

அவர் பாட்டிலை மெதுவாக மூடினார். கோபப்படுவார் என்று நின்றேன். குழப்பமாகத்தான் பார்த்தார்.

“போன வருஷமும் கேட்டேன், அதுக்கு முந்தின வருஷமும் கேட்டேன், லீவைத் தள்ளி வைக்கலாமான்னு. ரெண்டு தடவையும் ஐவான்னு சொன்னே. உனக்கு வீட்டுக்குப் போகப் பிடிக்கலைன்னு நினைச்சேன்.”

இந்த மனுஷனைக் கேபினுக்குள் படுத்துக்கொண்டு எத்தனை திட்டுத் திட்டியிருப்பேன். அத்தனையும் எனக்குச் சேர வேண்டியது.

அங்கேயே நின்று போனில் டிக்கெட் போடச் சொன்னார், பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால். போகும்போது, தேன் இல்லாவிட்டாலும் வண்டுகள் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

அன்றைக்கே வீடியோ காலில் கூப்பிட்டேன். மகள் தரையில் கவிழ்ந்து படுத்து எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள்.

“தங்கம், ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போக அப்பா வர்றேன்.”

“நெசமாவா?”

“ஆமாடா.”

“நீ எப்பவும் ஆமான்னுதான் சொல்லுவ” என்றாள், தலையை நிமிர்த்தாமலே.