இஞ்சினா இருக்கும்

போன வாரம் திருத்தங்கல் சாலையில் ஒரு லாரி டயர் வெடித்தது. டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் கிளாஸோடு வெளியே வந்து வானத்தைப் பார்த்தோம். டயர் வெடித்தால் ரோட்டைப் பார்ப்பதுதான் உலக வழக்கம். பட்டாசு ஆலைகள் நிறைந்த எங்கள் பக்கம் முதலில் புகையைத் தேடுவோம். டயர்தான் என்று தெரிந்ததும் ஆறிய டீயைக் குடித்தோம். எனக்கு அத்தை வீட்டு இஞ்சின் ஞாபகம் வந்தது.

அத்தையின் தோட்டத்துக் கொட்டகையில், மாடு கட்ட வேண்டிய இடத்தில் அது குடியிருந்தது. டீசல் ஊற்றிப் பெல்ட்டை மாட்டினால் கதிரடிக்கும் மிஷினைச் சுழற்றும். பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் கிடந்த என்னை அதற்கு டிரைவராகப் போட்டார்கள். இடத்தைவிட்டு நகராத வண்டிக்கு டிரைவர். என் தகுதிக்கு ஏற்ற பதவி. ஹேண்டிலைச் சுற்றிக் கிளப்பினால் முதலில் கரும்புகையோடு ஒரு டமார். அதனால் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பட்டாசு ஆபீஸுக்கு (ஆலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்) போய், "இஞ்சின் போடப்போறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் ஹேண்டிலைத் தொடுவது. அத்தை மகள் செல்விக்கும் அங்கேதான் வேலை.

அன்று களத்தில் கம்புக் கதிர்க்கட்டு குவிந்து கிடந்தது. தெற்கே மேகம் கறுத்துவிட்டது. நனைந்தால் முளைத்துவிடும். மாமா இல்லாத அத்தைக்கு அந்த வருஷத்துக்கு இருந்தது அவ்வளவுதான்.

"சொல்லிட்டு வந்துர்றேன், அத்தே."

"நீ அசைஞ்சு போயி வாரதுக்குள்ள கம்பு முளைச்சுரும்லே. போடு!"

போட்டேன். டமார்.

ஆபீஸ் வாசலில் இருந்து பெண்கள் செருப்பில்லாமல் ஓடி வந்தார்கள். இஞ்சின் சத்தம்தான் என்று தெரிந்தும் அத்தை வேலியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியாகத்தான் செல்வி வந்தாள்.

"எம்மா, ஒனக்குக் கூறு இருக்கா? உசுரு போயிட்டு வந்துச்சு!"

அத்தை வேலியை விட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு பெண்களைப் பார்த்து, "வந்தது வந்துட்டீக, கையக் கழுவிட்டு ஆளுக்கு ரெண்டு கட்டுத் தூக்குங்களேன்" என்றாள்.

பின்னாலேயே வந்த ஆபீஸ் போர்மேன் அண்ணாந்து பார்த்தார். "இடி வரும்போல. இனி உள்ள வேலை ஓடாது. தூக்குங்க."

அத்தனை கையிலும் பட்டாசு மருந்தில் கலக்கும் அலுமினியப் பொடி. தண்ணீர்த் தொட்டி வெள்ளியாகிவிட்டது. முதல் தூறல் விழும்போது கம்பு மிஷினில் அடிபட்டுச் சாக்குக்குள் இருந்தது.

இஞ்சின் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. கொட்டகையில் இப்போது அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறார்கள். அது இருந்தவரை, எங்கே சத்தம் கேட்டாலும் ஊரில் யாராவது, "இஞ்சினா இருக்கும்" என்பார்கள். பாதி நாள் அது இஞ்சினாகவே இருந்தது. இப்போது டமார் என்றால், நேரே வாசலுக்கு ஓடி, எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டியதுதான்.