நான் கேட்ட கெட்டிமேளம்

சில வருடங்களுக்கு முன், ஓர் ஆவணி மாதம் நடந்தது இது. பூந்தமல்லியை ஒட்டிய பாரிவாக்கத்தில் நானும் என் தோழியும் ஒரு சின்ன ஃபிளாட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்குச் சொந்த ஊர் கரூர் பக்கம், அவளுக்கு நாகர்கோவில். இருவருக்கும் வானகரம் பக்கம் ஒரே கம்பெனியில் வேலை, ஷிஃப்ட் மட்டும் வேறு வேறு. அதனால் சாயங்காலம் நான் தனியாகத்தான் வீடு திரும்புவேன்.

நான் நடந்துகொண்டே கனவு காண்கிற பேர்வழி. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போன பிறகுதான் முழிப்பேன். பைபாஸில் லாரிகள் கிளப்பும் தூசியில் மாலை வெயில் விழுந்து ஊரே மஞ்சள் பூசிக்கொண்டு நிற்கும். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி அதைப் பார்த்துக்கொண்டே வீடு வரை நடப்பேன். அந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டால்கூட என் காதில் விழாது.

அந்த நடையில்தான் முன்பின் தெரியாத ஓர் ஆள் வந்து சேர்ந்தான். ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில் நிற்பான். நான் இறங்கியதும் பின்னாலேயே வருவான். ஒரு வார்த்தை பேச மாட்டான். எங்கள் தெருமுனை வரை வந்து நின்றுவிடுவான். முதலில் நானாகக் கற்பனை செய்துகொள்கிறேன் என்றுதான் நினைத்தேன். நேரத்தை மாற்றிப் பார்த்தேன், அவனும் மாற்றினான்.

அம்மாவிடம் சொன்னால் அத்தோடு கதை முடிந்தது. வேலையும் வேண்டாம், சென்னையும் வேண்டாம், கிளம்பி வா என்பாள். என் சாவியைப் போட்டு நானே திறக்கிற ஒரு கதவு, ராத்திரி ரசம் பிடிக்காவிட்டால் தயிர்சாதம் சாப்பிடுகிற சுதந்திரம், இதெல்லாம் எனக்குக் கிடைத்தே கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அதை விட்டுக்கொடுக்க மனசில்லை. தினமும் பயந்து பயந்து அதைக் கட்டிக் காப்பாற்றவும் முடியவில்லை.

தோழிதான் யோசனை சொன்னாள். “மக்ளே, நீ அடிக்கப் படி” என்றாள். எதைப் படிப்பது என்பதில்தான் சிக்கல். தினமும் வீடியோ பார்த்துவிட்டு ஒவ்வொரு கலையாக முடிவு செய்வாள். காலையில் குங்ஃபூ என்பாள், நான் குளித்துவிட்டு வருவதற்குள் அது ஜூடோ ஆகியிருக்கும். ஆபீசில் விசாரித்தால் ஆளாளுக்கு ஒரு கட்சி. கராத்தேயெல்லாம் போட்டிக்குத்தான் லாயக்கு என்று ஒருவர், அடிவாங்கிப் பழகாதவளுக்கு எதுவுமே உதவாது என்று இன்னொருவர். அவர் யாரிடம் அடிவாங்கிப் பழகினார் என்று நான் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆவடியில் ஒரு மைதானத்துக்குச் சிலம்பம் பார்க்கப் போனேன். கம்பு சுற்றுகிற அந்த ‘விர்ர்’ என்ற சத்தத்தில் சொக்கிப்போய்விட்டேன். சுற்றுகிறவர்களைச் சுற்றிக் காற்றே வட்டமாகத் தெரிந்தது. வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் நான் நின்றுகொண்டிருந்தேன். இதுதான் எனக்கு என்று தோழிக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஆளுயரக் கம்பைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் எப்படி ஏறுவாய் என்று அவள் ஒரே கேள்வி கேட்டாள். கனவு கலைந்தது.

கடைசியில் நான் சேர்ந்த இடம் பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபம். அங்கே சாப்பாட்டுக் கூடத்தில் சனி, ஞாயிறு காலைகளில் பெண்களுக்குத் தற்காப்பு வகுப்பு நடந்தது. மேஜைகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டுப் பயிற்சி. முந்தின வாரக் கல்யாணத்துச் சாம்பார் வாசனையும் வாழையிலை வாசனையும் அப்படியே இருக்கும். குத்து விடும்போதெல்லாம் எனக்குப் பசிக்கும்.

சொல்லிக்கொடுத்தவள் என்னைவிட இரண்டொரு வயது சின்னவள். பூந்தமல்லியிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் வீட்டுப் பெண். கராத்தேயில் பெல்ட் வாங்கியவள், அப்புறம் பாக்ஸிங்கும் கற்றவள். தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் உதைத்தால் ‘பட்’டென்று சுவர் அதிரும். எல்லோருக்கும் அவள் மாஸ்டர். அவளுக்கு நாங்கள் எல்லோரும் அக்கா. இது கராத்தேயா பாக்ஸிங்கா, ரோட்டில் எது உதவும் என்று முதல் நாளே கேட்டேன். “அதெல்லாம் அப்பால பாக்கலாம்க்கா, மொதல்ல உனுக்கு சவுண்டு வருதான்னு பாப்போம்” என்றாள்.

வரவில்லை. ஒவ்வொரு குத்துக்கும் அடிவயிற்றிலிருந்து ‘ஹேய்’ என்று கத்த வேண்டும். மற்றவர்கள் கத்தியதில் மேஜையெல்லாம் கிடுகிடுத்தது. எனக்குத் தொண்டையைச் செருமுகிற மாதிரி ஏதோ வந்தது. “இன்னாக்கா, கொசு அடிச்சிகினு கீறியா?” என்று மாஸ்டர் சிரித்தாள். கையும் காலும் ஓரளவு பழகின. ஒருவன் நம் மணிக்கட்டைப் பிடித்தால் அவன் கட்டைவிரல் பக்கமாகத் திருகி இழுக்க வேண்டும் என்பதை மாறி மாறிப் பிடித்துப் பழகினோம். அதில் நான் கெட்டிக்காரி என்று பெயர்கூட வாங்கினேன். குரல் மட்டும் வரவே இல்லை. பொம்பளைப் பிள்ளைக்கு என்ன சத்தம் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த தொண்டை அது. கத்த வாயைத் திறந்தாலே யாரோ பார்க்கிற மாதிரி கூச்சம் வந்து அடைத்துவிடும். வீட்டுக்கு வந்து தலையணையில் முகத்தை வைத்துக் கத்திப் பார்த்தேன். தலையணைக்குக்கூடக் கேட்டிருக்காது. அழுகைதான் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் முகூர்த்தம். சாப்பாட்டுக் கூடத்தில் பந்தி நடந்ததால் வகுப்பு மொட்டை மாடிக்குப் போனது. லேசான தூறல். கீழேயிருந்து நாதஸ்வரம் மிதந்து வந்தது. நாங்கள் அந்தத் தாளத்துக்கே குத்து விட்டோம், யாரும் சொல்லவில்லை, கை தானாக அப்படிப் போனது. திடீரென்று யாரோ “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று குரல் கொடுக்க, தவிலெல்லாம் ஒரே மூச்சில் முழங்கின. மாஸ்டர் எங்களைப் பார்த்து, இப்படி வாழ்க்கையில் ஒருதரமாவது கத்தினவர் யார் என்று கேட்டாள்.

நான் கையைத் தூக்கினேன். எனக்கே ஆச்சரியம். பெரியம்மா மகள் கல்யாணத்தில், தாலி கட்டுகிற நேரம் பார்த்து, கெட்டிமேளம் சொல்ல வேண்டிய மாமா தொலைந்துபோன செருப்பைத் தேடப் போய்விட்டார். ஐயர் கண்ணைக் காட்டுகிறார், சொல்ல ஆளில்லை. பட்டுப்பாவாடையோடு ஒரு நாற்காலி மேல் ஏறி, ஆட்காட்டி விரலை ஆட்டி ஆட்டி நான்தான் கத்தினேன். அன்றைக்குக் கூச்சமே இல்லை. யாரும் என்னைத் திட்டவும் இல்லை.

“அப்பறம் இன்னாக்கா, அதையே கத்து!” என்றாள் மாஸ்டர்.

கத்தினேன். மாடிச் சுவரில் உட்கார்ந்திருந்த புறாக்கள் பறந்தன. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “போதும்க்கா, கீழ ரெண்டாவது தபா தாலி கட்டிடப் போறாங்கோ” என்று மாஸ்டர் என் வாயைப் பொத்தினாள். அன்றிலிருந்து வகுப்பில் ஆளுக்கொரு வார்த்தை. ஓர் அக்கா தன் மகனைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புகிற மாதிரி ‘டேய், எந்திரிடா’ என்று குத்துவார். நான் ஒவ்வொரு குத்துக்கும் கெட்டிமேளம் கேட்டேன்.

அடுத்த வாரமே ஒரு நாள் சாயங்காலம். மழை பெய்து விட்டிருந்தது. எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் ஒரு பிள்ளையார் கோயில். அங்கே சீரியல் பல்பு தொங்கவிட்டிருந்தார்கள். சாலையில் தேங்கிய தண்ணீரில் சிவப்பும் பச்சையும் மாறி மாறி விழுவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வழக்கம்போல நான் இந்த உலகத்தில் இல்லை. பின்னால் வந்தவன் அன்று தெருமுனையில் நிற்கவில்லை. பக்கத்தில் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தான்.

“நில்லு, பேசணும்” என்றான்.

எல்லாம் தண்ணீருக்குள் நடப்பதுபோல மெதுவாகிவிட்டது. அவன் சட்டையின் இஸ்திரி மடிப்பு தெரிந்தது. பவுடர் வாசனை வந்தது. பல்பு பச்சையாகி, சிவப்பாகி, மறுபடி பச்சையானது. கட்டைவிரல் பக்கம் திருகு என்று கற்றுக்கொண்ட பாடம், கெட்டிக்காரி பட்டம் வாங்கிய பாடம், சுத்தமாக மறந்துபோனது. கை மரத்துவிட்டது. கால் நகரவில்லை. இன்னொரு கை மட்டும் தானாக மேலே போனது. குத்துவதற்கு இல்லை. ஆட்காட்டி விரலை நீட்டி ஆட்டுவதற்கு.

“கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்று என் உயிரைத் திரட்டிக் கத்தினேன்.

அடுத்த நொடி, மேளம் முழங்கியது.

நிஜமாகவே முழங்கியது. செத்துப்போய்விட்டேனோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். கோயில் வாசலில் மாப்பிள்ளை அழைப்புக்காக நாதஸ்வரக் கோஷ்டி காத்திருந்தது எனக்குத் தெரியாது. தவிலைத் தோளில் மாட்டியபடி நின்றிருந்தவர்கள், அந்த வார்த்தை காதில் விழுந்ததுமே பழக்கத்தில் கொட்டிவிட்டார்கள். நாதஸ்வரக்காரரும் வாயில் வைத்து ஊதிவிட்டார். கோயிலுக்குள் இருந்த பெண்கள் மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தார்கள். மாடிகளில் ஜன்னல்கள் திறந்தன. தெருவே எங்களைப் பார்த்தது. கெட்டிமேளம் முழங்க, நடுத்தெருவில் ஒரு பெண்ணின் கையைப் பிடித்தபடி அவன் நின்றான். தன் கையைத் தானே ஒருமுறை குனிந்து பார்த்தான். சட்டென்று உதறினான்.

“இன்னாம்மா, மாப்ள வண்டி இன்னும் சிக்னல்லயே கீது, அதுக்குள்ள கெட்டிமேளம் கேக்கறே?” என்றபடி வந்த தவில்காரர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவனைப் பார்த்து, “டேய், நில்றா!” என்றார். அவன் ஓடினான். தவிலோடு அவரும் கொஞ்ச தூரம் ஓடினார். நின்றிருந்த வேன்களுக்கு நடுவே புகுந்து அவன் தப்பிவிட்டான்.

மாப்பிள்ளையின் அத்தை என்னைக் கோயில் படியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். என் தோளை அணைத்துக்கொண்டு கூடவே உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவின் புடவையில் மல்லிகையும் புதுத்துணியும் கலந்து மணந்தது. அழுதுகொண்டே அந்த வாசனையில் எனக்குத் தூக்கம் வந்தது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். பெண்கள் இரண்டு பேர் வீடு வரை கூடவே வந்தார்கள்.

மறுநாள் மாஸ்டரும் தோழியும் கூட வர, காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். அந்தத் தெருவில் அவனைப் பார்த்த கண்கள் அத்தனை இருந்ததால் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை. அதன்பிறகு அவன் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

அம்மாவிடமும் நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒளித்து வைக்க இனி தெம்பில்லை. கிளம்பி வா என்ற வார்த்தைக்காகக் கண்ணை மூடிக் காத்திருந்தேன்.

“கெட்டிமேளம்னா கத்துனே? நல்லவேளை கண்ணு, அவன் கையில மஞ்சக்கயிறு இல்ல” என்றாள் அம்மா. அப்புறம் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். “அந்த கிளாசை விட்ராத” என்று சொல்லி வைத்துவிட்டாள். ஊருக்கு வரச் சொல்லவே இல்லை.

விடவில்லை, இன்றும் போகிறேன். ஆபீசில் புதிதாகச் சேரும் பெண்கள் எந்தக் கலையைக் கற்கலாம் என்று என்னிடம் கேட்பதுண்டு. எதையாவது கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் கூச்சப்படாமல் கத்த விடுகிற இடமாகப் பார்த்துச் சேருங்கள் என்பேன். தாலி கட்டும்போது கெட்ட சொல் எதுவும் காதில் விழக்கூடாது என்றுதான் கெட்டிமேளம் கொட்டுவார்களாம். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் எனக்காக ஒருமுறை கெட்டிமேளம் கொட்டியாகிவிட்டது, அதைக் கொட்டச் சொன்னதும் நானேதான் என்று நினைக்கும்போதெல்லாம் என் வீட்டுக் கதவை நான் கொஞ்சம் தைரியமாகவே திறக்கிறேன்.