எனக்குப் போட்ட நாற்காலி

இரண்டாயிரம் பிறந்த புதிது. கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் சுற்றுவட்டார இளைஞர்களைக் கூட்டினார்கள். கிராமங்களில் இன்டர்நெட் மையம் வரப்போகிறதாம். எங்கே, எப்படி வைப்பது என்று நாங்களே அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டுமாம். கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டுப் பருத்தி எடுக்கப் போய்க்கொண்டிருந்தவள் நான். தலைகால் புரியவில்லை. மைக்கைப் பிடித்து, "ரேஷன் கடைக்குப் பக்கத்துல வைங்க சார். எல்லாத் தெரு ஆளும் வந்து போற இடம் அதுதான்" என்றேன். கைதட்டினார்கள். அதிகாரி எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதம் அதே அதிகாரி எங்கள் ஊருக்கு ஜீப்பில் வந்து பெரிய வீட்டில் இறங்கினார். எனக்கு ஆள் வந்தது. எங்கள் தெருக்காரர்கள் அந்த வீட்டு இரும்புக் கேட்டைத் தாண்டியதில்லை. கூலியோ சேதியோ, வெளியே நின்றுதான் வாங்குவோம். அன்றைக்கு என்னை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள். காபியும் வந்தது.

"முன் ரூமைச் சும்மாவே தாராங்க. கரண்டு, போன் எல்லாம் இருக்கு. இங்கேயே வச்சிரலாமா? நீதானம்மா இளைஞர் பிரதிநிதி, சொல்லு" என்றார் அதிகாரி.

ரேஷன் கடை என்று சொல்ல வாயெடுத்தேன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "சரிங்க சார்" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டேன். மையத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கே கிடைத்தது. இளைஞர்களின் யோசனைப்படியே இடம் தேர்வானதாக அறிக்கையில் அச்சடித்திருந்தார்கள். படிக்கவே கூசியது. ஆனாலும் வேலையை விடவில்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் பக்கத்து வீட்டு அத்தை வந்தாள். ஆடு மேய்ப்பவள், புருஷனைப் பறிகொடுத்தவள். விதவைப் பென்ஷனுக்கு அவள் மனுவை அடித்து வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து ஒரு போட்டோ எடுத்தால் முடிந்தது. காலில் அப்பிய கரிசல் சேற்றோடு கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். கேமரா ஒயர் அறை வாசல்வரைகூட எட்டாது. வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அடித்த மனுவோடு கேட்டுக்குப் போய், "உள்ள வா அத்தை, நான் இருக்கேம்லா" என்றேன். அவர் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று மெதுவாகத்தான் சொன்னேன்.

அத்தை என்னையே பார்த்தாள்.

"ஒனக்கு நாற்காலி போட்டாவ, உள்ள போயிட்ட. எனக்கு யாருட்டி போடுவா?"

மனுவை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டாள். சாகிறவரை அவளுக்குப் பென்ஷன் வரவில்லை. எனக்கு மாதாமாதம் சம்பளம் வந்தது.