கங்காணியின் கோட்டுக்குள் இருந்தது

ஐம்பதுகளின் நடுவில், இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராகச் சேர்ந்தேன். முதல் வாரமே தப்பான வைத்தியம் செய்தேன்.

செல்லம்மா என்ற கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குப் புஜத்தின் பின்பக்கம் பொடிப்பொடியாகச் சொரசொரப்பு. அரிக்கிறதா என்றுகூடக் கேட்காமல், சொறி என்று முடிவுகட்டிக் கந்தகக் களிம்பை அள்ளிக் கொடுத்தேன். மூன்று நாளில் கை சிவந்து எரிந்தது. பொடி அப்படியே இருந்தது. நாற்றம் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் முழுக்கப் பரவியது. தொத்து வியாதி என்ற பேச்சு அதைவிட வேகமாகப் பரவியது. லயத்தின் பொதுக் குழாயான பீலியில் அவளைத் தண்ணீர் பிடிக்க விடவில்லை.

அவளைத் தன் மகனுக்குப் பேசியிருந்த பெரிய கங்காணி, கோட்டும் தலைப்பாகையுமாக டிஸ்பென்சரிக்கு வந்தார்.

"தொத்து வியாதின்னு ஒரு துண்டு எழுதித் தாங்க. கல்யாணத்த நிறுத்தணும்."

எழுதினால் அவள் கதி அதோகதி. எழுதாவிட்டால் என் கதி. கங்காணியை இருக்கச் சொல்லிவிட்டு, செல்லம்மாவையும் அவள் தாயையும் வரச்சொல்லி, இந்த முறை வாயைத் திறந்து கேட்டேன். அரிப்பு இல்லை. சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. பனி நாளில் கூடுகிறது. தாய் கையைக் காட்டினாள்: அதே பொடி. புத்தகத்தைப் புரட்டினேன். மயிர்க்கால்களைத் தடித்த தோல் அடைத்துக்கொள்வது, பரம்பரையாக வருவது, தொற்றாது, கெடுதல் இல்லை என்று படித்துக் காட்டினேன்.

"தொத்தாதுன்னு என்னா நிச்சயம்?" என்றார் கங்காணி.

"அப்ப ஒங்களுக்குத் தொத்தியிருக்கான்னு பாத்துருவோம். கோட்ட கழட்டுங்க."

ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கொளுத்தும் வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மனுஷன். மருந்துக்கு நின்ற கூட்டமே எட்டிப் பார்க்க, வேறு வழியில்லாமல் கழற்றினார். இரண்டு புஜமும் இறகு பிடுங்கிய கோழி.

"இது எப்ப தொத்துனது, கங்காணி?"

"இதுங்களா... எங்க அப்பாருக்கும் இருந்திச்சிங்க."

செல்லம்மாவின் தாய் சிரிப்பை இருமலாக மாற்றினாள். கங்காணி அவசரமாகக் கோட்டை மாட்டிக்கொண்டு, "சரி, கல்யாணம் நடக்கட்டும்" என்றார், ஏதோ பெரிய மனசு பண்ணுகிறவர் போல.

"எனக்கு வேணாங்க," என்றாள் செல்லம்மா. "பீலியில என்னைய வெரட்டுனப்ப ஒங்க மகன் பக்கத்துலதான் நின்னாரு. வாயே தொறக்கல."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "கைக்கு மட்டும் மருந்து குடுங்கய்யா."

சிவப்பு ஆறியதும் சாலிசிலிக் களிம்பு மெல்லிசாக. குளித்த ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய். அழுத்தித் தேய்க்கக் கூடாது. முழுசாகப் போகாது, மிருதுவாகும் என்று உண்மையைச் சொன்னேன். கந்தகத்துக்கு மன்னிப்பும் கேட்டேன்.

"ஒரு வாரம் நாறுனேங்கய்யா," என்றாள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: களிம்பு டப்பாவைத் திறக்குமுன், வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்று கேளுங்கள். யாராவது துண்டு கேட்டு வந்தால், முதலில் அவர் சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள்.