சந்நிதியில் அவிழ்த்த மிளகு முடிச்சு

மலையுச்சிக் குகைச்சாமி சேர்வராயனை நம்பியிருக்கும் என் அக்கா தங்கைகளுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் கிளியூர் சரோஜா எழுதுகிறேன். போன மாசியில் பதினோரு நாள் நான் பட்ட பாட்டையும், அதிலிருந்து சாமி என்னைத் தூக்கிவிட்ட விதத்தையும் சொல்லாமல் வைத்திருந்தால் எனக்குச் சோறு செரிக்காது.

எங்கள் வீட்டை ஒட்டி ஒரு பெரிய அறை கட்டி, ஏற்காடு பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். என் வீட்டுக்காரர் மிளகு பறிக்கும் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்ததற்குப் பிறகு, எங்கள் அடுப்பு எரிவது அந்த அறையால்தான். சேலத்தில் கட்டிக்கொடுத்த மகள் தேவி செல்போன் ஆப்பில் அதைப் போட்டு, புக்கிங்கைப் பார்த்துக்கொள்கிறாள். பெருக்குவது, துவைப்பது, சமைப்பது எல்லாம் நான். நாலு வருடத்தில் ஒருவர்கூட முகம் சுளித்துப் போனதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நாலு பேருக்கு என்று புக் செய்து ஒருவர் குடும்பத்தோடு வந்தார். சனிக்கிழமை மத்தியானம் இன்னொரு காரில் அவருடைய சொந்தக்காரர்கள் ஐந்து பேர் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். எல்லோரும் இங்கேயேதான் தங்குவார்களாம். இருப்பதே இரண்டு கட்டில், ஒரு பாத்ரூம். முடியாது என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், நயமாகச் சொல்லவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். எத்தனை ஸ்டார் போடவேண்டும் என்று எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு, அந்த ஐந்து பேரையும் வேறு இடத்துக்கு அனுப்பினார் அவர். ஞாயிறு காலை இட்லியை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, காபித்தூள் ஒரு பொட்டலமும் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார்.

திங்கட்கிழமை தேவி போன் செய்து அழுதாள். வாடகையைத் திருப்பிக் கேட்டு அந்த ஆள் ராத்திரியே செய்தி அனுப்பினாராம், இவள் முடியாது என்றாளாம். ஒரே ஒரு ஸ்டார். சுடுதண்ணீர் வரவில்லை, வீட்டுக்காரி மரியாதை கெட்டவள், கட்டிலுக்கு அடியில் எலிப் புழுக்கை, பிள்ளைகளுக்கு உடம்பு கெட்டுவிட்டது. இப்படி நீட்டி முழக்கி, கூடவே ஒரு போட்டோ. தரையில் கறுப்பாக நாலைந்து கிடந்தன. ஆப் கம்பெனிக்காரர்கள் அவர் கொடுத்த வாடகையை முழுசாக அவருக்கே திருப்பிவிட்டார்கள். எங்கள் வீட்டை ஆப்பில் யார் கண்ணுக்கும் தெரியாமல் மறைத்துவிட்டார்கள். பத்து நாளுக்குள் ஒழுங்கான விளக்கம் தராவிட்டால் ஒரேயடியாக நீக்கிவிடுவோம் என்று நோட்டீஸ்.

என் வீட்டில் எலியா? அந்த ஆள்தான் எங்கிருந்தோ பொறுக்கிக்கொண்டு வந்து போட்டுப் படம் எடுத்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன். அவன் குலத்தையே இழுத்துத் திட்டினேன்.

விளக்கம் எழுத ஒரு படிவம் வந்தது. அதில் ஒரு கேள்வி. விருந்தாளிகளின் அறையை வேறு எதற்காவது பயன்படுத்தினீர்களா? அவர்கள் வருவதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை, திடீரென்று மழை கொட்டியது. களத்தில் காய்ந்துகொண்டிருந்த மிளகை அள்ளி அந்த அறையில்தான் பரப்பி, ஃபேனைப் போட்டுவிட்டேன். மலையில் மழை வந்தால் காய்ந்த இடம் எதுவோ அதுதான் களம், எல்லா வீட்டிலும் நடப்பது. மறுநாள் காலையில் அள்ளி, பெருக்கி, துடைத்தும் விட்டேன். தேவி இதை எழுதலாமா என்று தயங்கினாள்.

"இல்லைன்னு போடு கண்ணு. சொன்னா அதுக்கும் ஒரு குத்தம் கண்டுபுடிப்பாங்க" என்றேன். இல்லை என்றே போட்டாள்.

விளக்கம் ஏற்கப்படவில்லை என்று மூன்றாம் நாளே பதில் வந்தது. கெஞ்சிக் கூத்தாடியதில், பத்தாம் நாள் ஒருவர் போனில் பேசுவார், அதுதான் கடைசி என்றார்கள். அதற்குள் செய்தி ஊருக்குள் பரவிவிட்டது. கடைக்குப் போனால், உங்கள் வீட்டில் எலியாமே என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து போய், ஒரு எஸ்டேட்டில் வாட்ச்மேன் வேலை கேட்டுவிட்டு வந்தார். இனி சாமிதான் என்று விழுந்துவிட்டேன்.

அந்த வருடத்து மிளகில் முதல் கைப்பிடியைச் சேர்வராயனுக்கு வைத்த பிறகுதான் வியாபாரிக்கு எடை போடுவது எங்கள் வீட்டு வழக்கம். இந்தக் களேபரத்தில் அது மறந்தே போயிருந்தது. ஒன்பதாம் நாள் காலை, ஒரு கைப்பிடி மிளகை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு மேலே போனேன். குகைக்குள் தலை குனிந்து நுழைந்து, சாமிக்கு முன்னால் உட்கார்ந்தேன். கேட்டது என்ன தெரியுமா? அந்த ஆளுக்கு ஒரு வழி பண்ணு சாமி, அவன் செய்த சூதை ஊருக்குக் காட்டு. அவ்வளவு ஆங்காரம்.

முடிச்சை அவிழ்த்துத் தட்டில் கொட்டினேன். கொட்டின வேகத்தில் நாலைந்து மிளகு தரையில் சிதறியது. விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்தவள் அப்படியே விறைத்துப்போனேன். நான் போட்டோவில் பார்த்ததும் இதுவேதான்.

பூசாரி என்னம்மா என்று கேட்டார். இதோ வந்துவிடுகிறேன் என்றேன். வெளியே வந்து புல்லில் உட்கார்ந்து, போட்டோவைத் திரும்ப அனுப்பச் சொல்லித் தேவிக்குப் போன் போட்டேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். உருண்டை உருண்டையாக, மேல்தோல் சுருங்கி, ஒன்றில் காம்புகூட ஒட்டிக்கொண்டிருந்தது. என் மிளகு. நான் பெருக்கின லட்சணம் அது.

ஒரு பக்கம் சந்தோஷம், எலி இல்லை என்று. இன்னொரு பக்கம் அவமானம் பிடுங்கித் தின்றது. அந்த ஆள் மற்றதெல்லாம் புளுகியிருக்கலாம், ஆனால் எதையும் கொண்டுவந்து போடவில்லை. நான்தான் சபித்தேன். அது மிளகு என்று சொல்லவேண்டுமானால், எழுதிக்கொடுத்தது பொய் என்றும் சொல்லியாகவேண்டும். அந்தப் பொய்க்காகவே நீக்கிவிட்டால்? அவனைக் காட்டு என்று கேட்டேன், நீ என்னைக் காட்டிவிட்டாயே சாமி என்று அங்கேயே தேம்பி அழுதேன். திரும்ப உள்ளே போய், இந்தமுறை வேறு மாதிரி கும்பிட்டேன். உள்ளதைச் சொல்ல எனக்குத் தைரியம் கொடு, அப்புறம் உன் இஷ்டம்.

பத்தாம் நாள் போன் வந்தது. பேசியவர் ஒரு பெண், தமிழ்தான். அவர் கேள்வியை ஆரம்பிக்கும் முன்பே நான் முந்திக்கொண்டேன்.

"ஏனுங்க, மொதல்ல ஒண்ணு சொல்லிப்போடறேனுங்க. நான் பொய் எழுதிக் குடுத்துட்டனுங்க. மழை வந்துச்சு, அந்த ரூம்புலதான் மொளகு காய வெச்சேன். போட்டோவுல இருக்கறது எலிப் புழுக்கை இல்லீங்க, என்ற ஊட்டு மொளகுங்க. கூட்டுனது பத்தல, தப்பு என்மேலதானுங்க."

போட்டோவை ஒரு தடவை பார்க்கிறேன், இருங்கள் என்றார் அவர். சரி, கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"காம்பு தெரியுதுங்க அக்கா" என்றார் அவர் மெதுவாக. "எனக்குக் கொல்லிமலைங்க. மழை வந்தா எங்க ஊட்டுலயும் கட்டிலுக்கடியிலதான் மொளகு காயும்."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். எத்தனை ஆயிரம் பேர் வேலை செய்கிற இடமோ அது. அதில் மிளகைக் கண்டால் மிளகு என்று தெரிந்த ஒருத்தியை என் போனுக்குக் கொண்டுவந்தது யார்? நீங்களே சொல்லுங்கள்.

அந்த ஆள் தேவிக்கு அனுப்பியிருந்த செய்திகளையும் அவர் படித்துப் பார்த்தார். பணத்தைத் திருப்பித் தராவிட்டால் ரிவ்யூவில் நாறடித்துவிடுவேன் என்று அதிலேயே எழுதியிருந்தது. பதினோராம் நாள் மத்தியானம் எங்கள் வீடு ஆப்பில் திரும்ப வந்துவிட்டது. அந்த ரிவ்யூவை எடுத்துவிட்டார்கள். பொய் எழுதியதற்கு எனக்கு ஒரு எச்சரிக்கை வந்தது, அது எனக்கு வேண்டியதுதான். வாடகை திரும்ப வரவில்லை, போகட்டும். சாயங்காலமே ஒரு புக்கிங். என் வீட்டுக்காரர் பத்து நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் இன்னொரு கரண்டி சோறு கேட்டார்.

அதற்குப் பிறகு எவ்வளவு மழை கொட்டினாலும் மிளகு அந்த அறைக்குள் போவதில்லை. எங்கள் படுக்கையைச் சுருட்டிவிட்டு நாங்கள் படுக்கிற இடத்தில்தான் காய்கிறது. வாயையும் கொஞ்சம் கட்டியிருக்கிறேன். முழுசாக முடியவில்லை, சாமிக்குத் தெரியும். அந்த ஆளுக்கும் தேவியை எழுதச் சொன்னேன். அது மிளகுதான், சுத்தமாகப் பெருக்காதது என் தப்பு, பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும் என்று. அவர் இன்றுவரை பதில் போடவில்லை.

உங்களில் யாருக்காவது அநியாயமாக ஒரு பழி வந்திருந்தால், மனசு விட்டுப்போகாதீர்கள். மேலே ஏறி வாருங்கள். எதிராளி செய்ததையெல்லாம் சேர்வராயனிடம் கொட்டுங்கள், கேட்பான். ஆனால் நீங்கள் மறைத்ததையும் சேர்த்துக் கொட்டிவிடுங்கள். எனக்கு அங்கேதான் வழி திறந்தது.